பூட்டின வீட்டுக் கோலம்

வாங்க தங்கச்சி, வாங்க. அய்யய்யோ, காலு, காலு! இடது பக்கமா ஒதுங்கி வாங்க, மயிலு கழுத்து மேல நிக்கிறீங்க. ஆங், அப்படித்தான். செருப்பை அங்கிட்டே விடுங்க. ஒண்ணும் ஆகலை, லேசாத்தான் பட்டிருக்கு. நீங்க போனப்புறம் ஒரு இழுப்புல சரி பண்ணிருவேன்.

மல்லிகை நகர்லருந்து வருவீங்கன்னு இன்ஸ்பெக்டர் அம்மா காலையிலயே போன் பண்ணிட்டாக. "திலகவதி அக்கா, அவங்களும் தெருக் காவல் குழு ஆரம்பிக்கப் போறாங்களாம். நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க, முக்கியமா அந்தக் கோலக் கதையைச் சொல்லுங்க"ன்னாக. சொல்லும்போதே அப்படி ஒரு சிரிப்பு. அந்தம்மாவுக்கு என்னை நினைச்சாலே ஒரு சந்தோஷம் வந்துருது, என்னன்னே தெரியலை. காப்பி குடிப்பீங்கள்ல? அடுப்புல பால் இருக்கு, பேசிக்கிட்டே போடுறேன். நீங்க அந்த நாற்காலியில உக்காருங்க. அதுல வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க.

இந்தா கழுத்துல தொங்குது பாருங்க, இதான் அந்த விசிலு. தாலிக்கு அப்புறம் என் கழுத்துல ஏறின ரெண்டாவது மரியாதை. எப்படி ஏறுச்சுன்னு கேளுங்க.

பக்கத்து நகர்ல பட்டப்பகல்ல பூட்டை உடைச்சு வீடு வீடா புகுந்துக்கிட்டு இருந்தாங்க. நம்ம இன்ஸ்பெக்டர் தமயந்தி அம்மா அப்பதான் ஸ்டேஷனுக்குப் புதுசா வந்த நேரம். எங்க தென்றல் நகர் ஜனத்தைப் பூராம் நூலகத்துல கூட்டி வச்சு, "தெருவுக்கு ஒரு போலீஸ்னு நிறுத்த எங்ககிட்ட ஆள் இல்லைம்மா. உங்க தெருவுக்கு நீங்கதான் கண்ணு, நீங்கதான் காது"ன்னு பேசினாக. நல்லாத்தான் பேசினாக. பேசி முடிச்சுட்டு, "ஒரு ஒருங்கிணைப்பாளர் வேணும், யார் பொறுப்பு எடுத்துக்கிறீங்க?"ன்னு கேட்டாக பாருங்க, அம்புட்டுப் பேரும் தரையைப் பாக்குறாங்க. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு கேள்வி கேட்டா எப்படி? அதே தான். எனக்கு ஒரே புழுக்கம். ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லலாம்னு கையைத் தூக்கினேன். எல்லாரும் கை தட்டிட்டாங்க!

ஃபேனுக்குத்தான் தூக்கினேன்னு சொல்ல வாய் வரலை தங்கச்சி. எனக்கு அதுக்கு முன்னாடி யாரும் கை தட்டினதில்லை. உள்ளதைச் சொல்றேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா குடுத்த விசிலை மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தா, எங்க வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன் இருக்காகள்ல, பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவுக, என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "உனக்கு எதுக்குடி இந்த வேலை? குக்கர் விசிலையே உனக்கு ஒழுங்கா எண்ணத் தெரியாது"ன்னாக. அவுக அப்படித்தான். நான் என்ன செஞ்சாலும் அவுக கண்ணுல படாது. கோலத்தையே எடுத்துக்கங்களேன். விடிய வாசத்தெளிச்சு, பதினஞ்சு புள்ளி வச்சு எட்டுல நிறுத்தி, இடுக்குப் புள்ளியில தாமரை போட்டு, காவி தீட்டி, இடுப்பு ஒடிஞ்சு நிமிர்றேன். இவுக டீக்கடைக்குப் போகணும்னு ஸ்கூட்டரை எடுத்து, நேரா நடுத் தாமரையில ஏத்தி, ரெண்டு சக்கரத்துலயும் மாவோட போவாக. கல்யாணம் ஆன நாள்லருந்து இதான். "ஏங்க, ஒரு ஓரமாப் போனா என்ன?"ன்னா, "வாசல்னா மிதிக்கத்தான்"ன்னு ஒரே பதில்.

சரி, குழுவுக்கு வர்றேன். நீங்க எழுதிக்கறதா இருந்தா எழுதிக்கங்க. முதல்ல வாட்ஸப் குரூப்பு. சந்தேகப்படும்படியா யாராவது தெருவுல சுத்தினா உடனே போடணும்னு சட்டம். போட்டாங்க. காலை வணக்கம், ரோஜாப்பூ, முருகன் படம், சுகருக்கு வெந்தயம். அடுத்தது சாயங்கால ரோந்து. ரெண்டு ரெண்டு பேரா கம்போட நடக்கணும். அதுல முதல் வாரமே ஒருத்தனைப் புடிச்சோம்ல! சாக்கு மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு வீடா எட்டிப் பாத்துக்கிட்டு வந்தான். விரட்டிப் புடிச்சு, மூட்டையைப் பிரிச்சா பலாப்பழம். பண்ருட்டியிலருந்து அக்கா வீட்டைத் தேடி வந்த கலாவதி தம்பி. கலாவதின்னா எங்க சங்கச் செயலாளர் வீட்டம்மா. அன்னையிலருந்து அவளுக்கு என் மேல ஒரு கடுப்பு. பலாப்பழத்துல எங்களுக்கு ஒரு சுளை கூடத் தரலை.

அப்புறம் கேமரா. கோடி வீட்டு சோமு சார் அவரு செலவுல மாட்டினாரு. நல்ல மனுசன். ஆனா அது தெருவைப் பாக்காது, அவரு கொய்யா மரத்தைப் பாக்கும். யாரோ காயைப் பறிக்கிறாங்களாம்.

இப்ப கோலத்துக்கு வர்றேன். ஏட்டையா மாயாண்டின்னு ஒருத்தர், எங்க தெருவுக்கு ரவுண்டு வர்றவரு. அவருதான் சொன்னாரு: "வீட்டுல ஆள் இல்லைன்னு திருடன் எப்படிக் கண்டுபிடிக்கிறான் தெரியுமாம்மா? வாசல்ல பேப்பர் கெடக்கும். பால் பாக்கெட் அப்படியே இருக்கும். எல்லா வாசல்லயும் கோலம் இருக்கும், அந்த ஒரு வாசல் மட்டும் மொட்டையா இருக்கும். அதான் அவனுக்கு வெத்தலை பாக்கு." அதனால ஊருக்குப் போறவங்க ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும், மத்ததைத் தெருக்காரங்க பாத்துக்கணும்னு ஏற்பாடு. பேப்பரைப் பொறுக்குறது சோமு சார். பாலை எடுக்குறது கலாவதி. கோலம் நான்.

தங்கச்சி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, அன்னைக்கு ராத்திரி சந்தோஷத்துல எனக்குத் தூக்கமே வரலை. ஏன்னா ஆள் இல்லாத வாசல் மாதிரி ஒரு வாசல் கோலத்துக்கு வாய்க்காது! உள்ளருந்து யாரும் வர மாட்டாங்க. வெளியிலருந்து யாரும் போக மாட்டாங்க. ஸ்கூட்டர் கெடையாது. காலையில போட்ட கோலம் பொழுது சாயுற வரைக்கும் போட்டது போட்டபடி இருக்கும். என் வீட்டு வாசலுக்கு என்னத்துக்குப் பெருசா, சக்கரம்தானே ஏறப் போகுதுன்னு நாலு இழுப்பு இழுத்துட்டு, பூட்டின வீட்டு வாசல்ல போயி உக்காந்துருவேன். தேரு போட்டேன். கோபுரம் போட்டேன். பாம்பு பின்னல் போட்டேன். சோமு சார் குடும்பத்தோட பேரனுக்குக் காது குத்த ஒரு வாரம் பழனிக்குப் போனாரு பாருங்க, முதல் நாள் அவரு வாசல்ல ஜோடி அன்னம். தெருவே நின்னு பாத்துட்டுப் போச்சு.

அப்பதான் கோகுல் தம்பி வந்தான்.

நல்ல புள்ளை. பைக்ல போனவன் வண்டியை நிறுத்தி, போனை எடுத்து படம் புடிக்கிறான். "இது யாருங்க போட்டது?"ன்னான். நாந்தான்னேன். "அக்கா, இந்த மாதிரி கை நான் பாத்ததே இல்லைக்கா"ன்னான். ஆன்ட்டின்னு சொல்லலை பாருங்க, அக்கான்னான். கோலமாப் படம் புடிச்சு நெட்ல போடுவானாம். அதுலருந்து தினமும் காலையில வந்துருவான். "அக்கா, இந்தத் தெருவுல வேற எதெல்லாம் உங்க கோலம்?"ன்னு ஆசையாக் கேப்பான். நான் கூடவே நடந்து போயி, இது என்னோடது, அந்தா அது என்னோடது, இது என்னோடது இல்லப்பா, கலாவதி கோலம், கண்ணுக்கே தெரியலையா கோணலா இருக்கேன்னு காமிச்சுக் குடுப்பேன்.

ஆனா ஒண்ணு தங்கச்சி. ரகசியம்னா ரகசியம். அந்த வீட்டுல ஆள் இல்லைன்னோ, ஊருக்குப் போயிருக்காங்கன்னோ ஒரு வார்த்தை நான் மூச்சு விடலை. பொறுப்புல இருக்கிறவ அப்படி உளறலாமா? இது என் கோலம்னு சொல்லுவேன், அதோட சரி. இன்னும் கேட்டா, "தம்பி, தெருவுல புதுசா யாராவது சந்தேகமாச் சுத்தினா அக்காகிட்ட சொல்லு"ன்னு அவன்கிட்டயும் சொல்லி வச்சேன். "கண்டிப்பா அக்கா, கண்ணு வச்சுக்கிறேன்"ன்னான்.

சோமு சார் பழனியிலருந்து வந்து பாக்குறாரு, பின்கதவு பேந்து கெடக்கு. வெள்ளிக் குத்துவிளக்கு, பேரன் கொலுசு, எல்லாம் போச்சு. பேப்பரைப் பொறுக்கியாச்சு, பாலை எடுத்தாச்சு, அம்புட்டுப் பெரிய கோலம் போட்டாச்சு, பின்ன எப்படித் தெரிஞ்சுது? கேமராவைப் போட்டுப் பாத்தா நாள் பூராம் கொய்யா மரம். அணில் ஒண்ணு வந்துட்டுப் போகுது.

ஒரு மாசம் கழிச்சு கலாவதி தூத்துக்குடிக்கு வளைகாப்புக்குப் போனா. எனக்கும் அவளுக்கும் ஆகாதுதான், ஆனா கடமைன்னா கடமை. அவ வாசல்ல பூரணகும்பம் போட்டேன் தங்கச்சி, தேங்காய் குடுமி முதக்கொண்டு. அன்னைக்கு மத்தியானமே அவ வீடும் போச்சு. பட்டுச் சேலை பூராம், வெள்ளித் தட்டு, பூஜை மணி. வந்து இறங்கினவ வாசல்லயே உக்காந்து அழுதா பாருங்க, நானே கூட உக்காந்து அழுதேன். கண்ணைத் துடைச்சுட்டு அவ சொன்ன முதல் வார்த்தை, "அந்த விசிலைக் கழட்டு"ங்கறது.

விடலையே! இன்ஸ்பெக்டர் அம்மா வரைக்கும் கொண்டு போயிட்டா. அவுகளும் என்ன செய்வாக? "அக்கா, வர்ற சனிக்கிழமை மாசக் கூட்டம். அதுல தெருக்காரங்களே சொல்லட்டும், விசில் யார்கிட்ட இருக்கணும்னு"ன்னுட்டாக. கூட்டம் ஜெபமணி டீச்சர் வீட்டுல. பெரிய ஹாலு, அதான். நான் வீட்டுல வந்து சொன்னா இவுக பேப்பர்லருந்து தலையைக் கூடத் தூக்கலை. "நல்லதாப் போச்சு, குடுத்துட்டு வா. நேரத்துக்குச் சோறாவது கெடைக்கும்"ங்கறாக. அன்னைக்கு நான் அழுத அழுகையை அந்த அடுப்புதான் பாத்துச்சு. ஒரு விசிலு, ரெண்டு ரூபா பிளாஸ்டிக்கு. ஆனா அது போச்சுன்னா நான் திரும்பவும் குக்கர் விசில் எண்ணத் தெரியாத திலகவதிதானே?

காப்பிக்குச் சக்கரை போதுமா? சொல்லுங்க, இன்னும் போடலாம்.

அப்ப ஒரு யோசனை பண்ணினேன். இன்ஸ்பெக்டர் அம்மா இதுவரைக்கும் என் கோலத்தைக் கண்ணால பாத்ததில்லை. ஒரு தடவை பாத்தாகன்னா, இப்படி ஒரு ஈடுபாடு உள்ளவகிட்டருந்தா விசிலைப் புடுங்கறதுன்னு மனசு மாறும். சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி டீச்சர் வீட்டு வாசலுக்குப் போயிட்டேன். டீச்சர் பதறிப்போயிட்டாக. "எங்க வீட்டுல கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுறதோட சரி, கோலம் போட்டதே இல்லையே திலகா!" "போடாத வாசல்தான் டீச்சர் பாக்க எடுப்பா இருக்கும்"னுட்டேன். போட்டேன் பாருங்க, காம்பவுண்டு இந்த முனையிலருந்து அந்த முனை வரைக்கும். நடுவுல தோகை விரிச்ச மயிலு, சுத்தி தாமரைக்குளம், நாலு மூலையிலயும் யானை. என் ஜென்மத்துல அதுக்கு முன்னாடியும் அப்படிப் போட்டதில்லை, அப்புறமும் போடலை.

போட்டு நிமிர்ந்ததும் பயம் வந்துருச்சு. கூட்டத்துக்கு வர்ற ஜனம் பூராம் மிதிச்சுக்கிட்டுல உள்ள போகும்? டீச்சர்கிட்ட பூட்டை வாங்கி முன் கேட்டைப் பூட்டிட்டேன். முன்கதவை உள்ள தாழ் போடச் சொல்லிட்டேன். ஜன்னலை அடைச்சு திரையை இழுத்தாச்சு, தூசி பறந்து மயில் மேல விழக் கூடாதுல்ல. எல்லாரும் கொல்லைப்பக்கச் சந்து வழியா வாங்க, செருப்பையும் அங்கயே விடுங்கன்னு குரூப்புல போட்டேன். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குத் தனியா போன் போட்டு, "மேடம், ஜீப்பைத் தண்ணி டேங்குகிட்டயே நிறுத்திருங்க, டயர் ஏறிடும். சந்து வழியா வாங்க. கூட்டம் முடிஞ்சதும் முன்வாசலைத் திறந்து உங்களுக்கு ஒண்ணு காமிக்கிறேன்"னேன். ஒரு ஏற்பாடுன்னா இப்படி இருக்கணும்.

கோகுல் தம்பி வழக்கம் போல வந்தான். கோலத்தைப் பாத்தவன் அசந்துட்டான். "அக்கா! நீங்க போட்டதுலயே இதான் பெருசு, இல்லையா?"ன்னான். "ஆமா தம்பி. சாயங்காலம் வரைக்கும் ஒரு கால் தடம் படாது பாரு"ன்னேன். போலீஸ் கூட்டத்தைப் பத்தி மூச்! அது ரகசியம்ல.

கூட்டம் ஆரம்பிச்சுது. ஹாலு நிறைய ஜனம். டீச்சர் கேசரி கிண்டியிருந்தாக, ஆளுக்கு ஒரு தட்டு. இன்ஸ்பெக்டர் அம்மா மப்டியில வந்திருந்தாக, ஏட்டையா பக்கத்துல. "பூட்டின வீட்டை எப்படிக் கண்காணிக்கணும்"னு கொஞ்ச நேரம் பேசினாக. அப்புறம் கலாவதி எந்திரிச்சா. பேசினா, பேசினா, அப்படிப் பேசினா. ரெண்டு வீடு போச்சு, இவளுக்கு மாவு வாங்கத்தான் நேரம் இருக்கு, ரோந்துன்னு என் தம்பியை அடிக்கப் போனா, இன்னும் என்னென்னமோ. இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பாவமாப் பாத்துட்டு, "சரி, விசிலைக் கலாவதி மேடம்கிட்ட குடுக்கலாம்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க"ன்னாக.

ஹாலு கப்சிப். முதல்ல கலாவதி கை. அவ வீட்டுக்காரர் கை. சோமு சார் தயங்கித் தயங்கி. அப்புறம் ஒவ்வொண்ணா, ஒவ்வொண்ணா. நான் விசிலைக் கையில இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கடைசி வரிசையில எங்க வீட்டு ஆளு. அவுக கையும் பாதிக்கு வந்துருச்சு தங்கச்சி!

அந்த நேரம் பாத்து முன்கதவுல "கடக்"னு ஒரு சத்தம். இன்னொரு "கடக்". தாழ்ப்பாள் தெறிச்சு வந்து கேசரித் தட்டுல விழுது. கதவு திறக்குது. கையில கடப்பாறையோட ஒருத்தன் உள்ள வர்றான், அவன் பின்னாடி சாக்குப் பையோட இன்னொருத்தன். வந்தவங்க பாக்குறாங்க: ஹாலு நிறைய ஆளு, அம்புட்டுப் பேரும் கையைத் தூக்கிக்கிட்டு இருக்காங்க! என்ன நினைச்சாங்களோ, கடப்பாறையைக் கீழ போட்டுட்டு அவங்களும் கையைத் தூக்கிட்டாங்க.

சத்தியமா! சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வருது, இருங்க. கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி வந்து நிக்கிறாங்க. எதிர்ல இன்ஸ்பெக்டர், பக்கத்துல ஏட்டு, கையில கேசரி. யாருக்கும் ஓடத் தோணலை, யாருக்கும் புடிக்கத் தோணலை. கலாவதிக்கு வாய் திறந்தது திறந்தபடி இருக்கு. நான்தான் ஊதினேன். அம்புட்டு நாளும் ஊதவே ஊதாத விசிலை, மூச்சு முட்ட, காது கிழிய ஊதினேன். ஏட்டையா பழக்கதோஷத்துல விறைப்பா சல்யூட்ல நின்னுட்டாரு. அப்புறம்தான் இன்ஸ்பெக்டர் அம்மா பாய்ஞ்சு புடிச்சாக. சோமு சார் மேல விழுந்து அமுக்கினாரு, யார் மேல விழுறோம்னு பாக்காம ஏட்டையா மேல.

கூட்டம் விலகினப்புறம் பாக்குறேன், கடப்பாறைக்காரன் யாரு? கோகுல் தம்பி!

"ஏ தம்பி! நீயா?"ன்னேன். தலையைக் குனிஞ்சுட்டான். இன்ஸ்பெக்டர் அம்மா அவனை உலுக்கி, "எந்த வீட்டுல ஆள் இல்லைன்னு உனக்கு எப்படிடா தெரியும்? யாருடா சொன்னது?"ன்னு கேட்டாக. அவன் விரல் நேரா என்னைக் காட்டுது. ஹாலே என்னைத் திரும்பிப் பாக்குது. நான் எங்க சொன்னேன்?

"அக்கா சொல்லலை சார், மேடம். அக்கா கோலம் சொல்லிரும். ஆள் இருக்கிற வீட்டுல அவங்கவங்க கோலம் சின்னதா இருக்கும். என்னைக்கு ஒரு வாசல்ல அக்கா கோலம் பெருசா இருக்கோ, அன்னைக்கு அந்த வீடு பூட்டியிருக்கும். ஒரு தடவை கூடத் தப்பினதில்லை. இன்னைக்குத்தான்…"

கலாவதி என்னமோ கத்தினா. "பாத்தீங்களா, பாத்தீங்களா"ன்னு தாண்டிக் குதிச்சா. எனக்கு ஒண்ணும் காதுல ஏறலை. தங்கச்சி, நீங்களே யோசிச்சுப் பாருங்க. அந்தத் தெருவுல இத்தனை வாசல் இருக்கு. எது என் கையின்னு ஒரு தடவை கூடத் தப்பாம கண்டுபிடிச்சிருக்கான்! முப்பது வருசமா என் கூட இருக்கிறவுகளுக்குத் தாமரைக்கும் தவளைக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு திருடனுக்குத் தெரிஞ்சிருக்கு. சில பேருக்கு அது குத்தமாத் தெரிஞ்சுது. எனக்கு அப்படித் தோணலை.

எனக்கு ஒரே ஒரு கவலைதான் வந்துச்சு. "தம்பி, கேட்டு பூட்டியிருக்கு, முன்பக்கமா வந்திருக்க. கோலத்தை மிதிச்சியா?"ன்னு கேட்டேன். இன்ஸ்பெக்டர் அம்மா தலையில கையை வச்சுட்டாக. அவன் நிமிர்ந்து என்னைப் பாத்தான். "இல்லக்கா. இவன்தான் நேராப் போகலாம்னான், நான் இழுத்துப் புடிச்சேன். பக்கத்து வீட்டுச் சுவர்ல ஏறி, சுத்தித்தான் வந்தோம். அதைப் போயி மிதிக்க மனசு வருமாக்கா?"ன்னான்.

கேட்டைத் திறந்து எல்லாருமா வெளிய போயிப் பாத்தோம். மயில் தோகையில ஒரு புள்ளி கலையலை. இன்ஸ்பெக்டர் அம்மா கோலத்தை ஒரு சுத்து சுத்தி வந்து பாத்தாக. "ஏன் அக்கா, இதைக் காமிக்கவா ஜீப்பை டேங்குகிட்ட நிறுத்தச் சொன்னீங்க?"ன்னாக. ஆமாம்னேன். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சவுகதான், ஜீப்புல ஏறுற வரைக்கும் நிறுத்தலை. சோமு சார் குத்துவிளக்கும் கொலுசும் கெடைச்சுருச்சு. கலாவதி சேலையில பாதி கெடைச்சுது, மீதி பாதி ஏற்கெனவே கிழிஞ்சதுதான்னு எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கலை.

விசிலா? என்கிட்டயேதான் இருக்கு, பாக்குறீங்கள்ல. "குழுவால புடிபட்ட முதல் திருடன், விசில் ஊதினது திலகவதி அக்கா, அதனால அவங்ககிட்டயே இருக்கட்டும்"னு தீர்ப்பு. ஆனா ஒரு கட்டளை. பூட்டின வீட்டு வாசல்ல இனிமே என் கோலம் போடக் கூடாது. அந்தந்த வீட்டுக்காரங்க எப்படிப் போடுவாங்களோ அப்படியே போடணும்.

அதான் தங்கச்சி ரொம்பக் கஷ்டம்! இதை நீங்க முக்கியமா எழுதிக்கங்க. நல்லாப் போடுறது எனக்குப் பொறந்த கை. கெடுத்துப் போடத்தான் பழக வேண்டியிருந்துச்சு. கலாவதி புள்ளியை ஒழுங்கா வைக்க மாட்டா, கடைசி வரிசை வடக்கால இழுத்துக்கிட்டுப் போகும். கோடு சேர்ற எடத்துல மாவைக் கொட்டிருவா. அதை அச்சா அப்படியே போட நான் பின்வாசல்ல எம்புட்டு நாள் பழகினேன்! போன மாசம் அவ திருச்செந்தூர் போயிட்டு வந்தா. வாசல்ல நின்னு பாத்துட்டு, "பரவாயில்லையே திலகா, இப்பதான் உனக்கு நல்லாப் போட வருது"ன்னுட்டுப் போறா! டீச்சர் வீடு பூட்டியிருந்தா ஒண்ணுமே போடக் கூடாது. தண்ணியைத் தெளிச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டுத் திரும்பி வரணும். அதுக்கு எம்புட்டு மனக்கட்டுப்பாடு வேணும் தெரியுமா?

உங்க தெருவுலயும் இப்படி ஒரு ஆளைப் பாத்துப் புடிங்க. கை நல்லா இருக்கணும், அடக்கமும் வேணும். என்னை மாதிரி.

நானும் ஆசைக்கு என்ன செய்யன்னு, பெருசெல்லாம் இப்ப என் வீட்டு வாசல்லயே போட ஆரம்பிச்சுட்டேன். அதான் நீங்க மிதிச்ச மயிலு. அப்ப ஸ்கூட்டரு? அதைத்தானே கேக்க வர்றீங்க? கூட்டம் நடந்த மறுநாள் காலையில, அவுக வண்டியை எடுத்தாக. நான் வழக்கம் போல முகத்தைத் திருப்பிக்கிட்டேன். வண்டிச் சத்தமே கேக்கலை. என்னடான்னு பாத்தா, வண்டியை நிறுத்திட்டு, இறங்கி, சுவரோரமா ஒட்டி ஒட்டி உருட்டிக்கிட்டுப் போறாக. வயசான காலத்துல மூச்சு வாங்குது. "என்னங்க, என்னாச்சு?"ன்னேன். என்னைப் பாக்காமலே சொன்னாக: "திருட வந்தவனே சுத்திப் போயிருக்கான். வீட்டுக்காரன் நான் மிதிச்சா நல்லாவா இருக்கும்?"

இருங்க, இருங்க, பேசாதீங்க. தெருமுனையில ஸ்கூட்டர் சத்தம் கேக்குதா? அவுகதான், டீ குடிச்சுட்டு வர்றாக. இப்ப நின்னுரும் பாருங்க. அந்தா, நின்னுருச்சு. நீங்க வாசலை மறைக்காம கொஞ்சம் தள்ளி உக்காருங்க தங்கச்சி, அவுக உருட்டிக்கிட்டு வர்றதை நான் தினமும் பாப்பேன்.